பந்தும் கணக்கும் – 9: கோப்பையிலிருந்து கடைசி இடம் வரை

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐஎஸ்எல் கால்பந்து இறுதி ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிடத்தில் உதாந்தா சிங் அனுப்பிய பந்தைச் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். லீக் சுற்றில் பெங்களூரு எடுத்திருந்தது 40 புள்ளி, சென்னையின் எஃப்சி எடுத்தது 32. சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், முதல் கோலும் அவர்களுடையது. எட்டு நிமிடம் கழித்து கிரிகரி நெல்சன் தூக்கிப் போட்ட கார்னரைப் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ் முட்டி 1-1 ஆக்கினார். இடைவேளை நெருங்கும்போது மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி மைல்சனின் தலை. 67வது நிமிடத்தில் ராஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில் இரண்டாவது கோப்பை.

அடுத்த சீசன். அதே கோச் ஜான் கிரிகரி, அணியின் முதுகெலும்பும் பெரும்பாலும் அதேதான். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி, 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாம் இடம். அதற்கடுத்த 2019-20 சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் தவித்த அதே அணி, சீசன் முடிவில் மீண்டும் இறுதி ஆட்டத்தில் நின்றது.

சாம்பியன், கடைசி, இரண்டாம் இடம் என்று மூன்றே சீசனில் இப்படி ஏறி இறங்கிய ஒரு தமிழ்நாட்டு அணி நம் கண்முன்னே இருக்கும்போது, கால்பந்துப் புள்ளியியலின் வரலாற்றைச் சொல்ல ஐரோப்பாவிலேயே சுற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சென்ற எட்டு வாரமும் இங்கிலாந்திலேயே இருந்துவிட்டோம். இந்த வாரம் ஊருக்கு வருவோம்.

அந்த நாட்களில் சாந்தோம் லூப் சாலை ஓரத்தில் நின்று கேட்டிருந்தால் காரணங்கள் கொட்டியிருக்கும். நொச்சிக்குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை நீளும் அந்த மணலில் மாலையானால் பந்து உருளாத நாள் கிடையாது. செருப்பு இரண்டை நட்டால் கோல்போஸ்ட். ஆடி முடித்து வியர்வை காயும் நேரத்தில் பேச்சு முழுக்கச் சென்னையின் எஃப்சிதான். “கோப்பை ஜெயிச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சுண்ணா” என்பது ஒரு கட்சி. “கோச்சை மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்” என்பது இன்னொரு கட்சி. 2019 டிசம்பரில் உண்மையிலேயே கோச் மாறினார், அணியும் எழுந்தது. இரண்டாவது கட்சிக்கு அதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

இந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். ஆட்டத்தை இவ்வளவு ஊன்றிப் பார்க்கும் கண்கள் நகரத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: புள்ளிப் பட்டியலில் ஓர் அணி ஏறினால் அதன் ஆட்டம் மேம்பட்டது, இறங்கினால் ஆட்டம் கெட்டது என்ற நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் ஐரோப்பாவில் சிலர் அரை நூற்றாண்டைச் செலவிட்டார்கள்.

சார்லஸ் ரீப்பைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். ஆங்கிலேய விமானப்படையின் கணக்கு அதிகாரியான அவர், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் மைதானத்தில் இடைவேளைக்குப் பிறகு பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். 1968இல் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் இரண்டு முடிவுகள் இருந்தன. சுமார் பத்து முறை கோலை நோக்கி அடித்தால் ஒன்று உள்ளே போகிறது என்பது ஒன்று. கோல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மூன்று அல்லது அதற்குக் குறைந்த பாஸ்களிலேயே விழுகின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது முடிவை வைத்துக்கொண்டு, பந்தை நீளமாக முன்னே அடிப்பதே சிறந்த உத்தி என்று இங்கிலாந்தில் ஒரு தலைமுறை கோச்சுகள் ஆடவைத்தார்கள். அவர் எண்ணிய தாக்குதல்களிலேயே 90 சதவீதத்துக்கு மேல் மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுபவை. அப்படியிருக்க கோல்களில் 80 சதவீதம்தான் அவற்றிலிருந்து வந்தன என்றால், நீண்ட பாஸ் வரிசைதான் கூடுதல் பலன் தருகிறது. கையிலிருந்த எண்கள் ஒன்றைச் சொல்ல, அவர் அதற்கு நேர் எதிரானதைப் படித்துவிட்டார். ஆனாலும் அவருடைய முதல் முடிவு, அதாவது பத்துக்கு ஒன்று, இன்றும் ஏறக்குறைய நிற்கிறது. நமக்கு இந்த வாரம் தேவைப்படுவது அதுதான்.

கால்பந்தில் கோல் அரிது. கிரிக்கெட்டில் ஒரு நாள் ஆட்டத்தில் 600 பந்து வீசப்படலாம், ஒவ்வொன்றும் ஒரு சிறு தீர்ப்பு. கபடியில் ஒரே ஆட்டத்தில் இரு அணியும் முப்பது நாற்பது புள்ளி எடுக்கின்றன. கால்பந்திலோ தொண்ணூறு நிமிடம் ஓடிக் களைத்த பிறகு கையில் இருப்பது இரண்டோ மூன்றோ கோல். தீர்ப்புகள் குறைவாக இருக்கும் இடத்தில் தற்செயலின் பங்கு பெருகும். கம்பத்தில் பட்டு வெளியே போன பந்து ஒன்று, தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுத் திசைமாறிய பந்து ஒன்று, இவை போதும் முடிவை மாற்ற.

அரிதாக நிகழ்பவற்றுக்கென்றே கணிதத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பிரான்ஸின் பாய்சான் 1837இல் அதை வெளியிட்டார். 1898இல் போர்ட்கீவிச் அதைக் கையிலெடுத்து, பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு அந்தச் சூத்திரப்படியே அமைந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. கால்பந்து கோல்களும் கிட்டத்தட்ட அப்படியே அமைகின்றன என்று மொரோனி என்ற ஆங்கிலேயர் 1950களில் தன் புள்ளியியல் நூலில் ஆராய்ந்தார், கொஞ்சம் விலகலோடு. 1982இல் மைக்கேல் மஹர் அதை முழு மாதிரியாக வளர்த்தார். ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் வலிமைக்கு ஓர் எண், தடுப்பின் பலவீனத்துக்கு ஓர் எண், சொந்த மைதானத்தின் சாதகத்துக்கு ஓர் எண். ஓர் அணியின் தாக்குதல் எண்ணையும் எதிரணியின் தடுப்பு எண்ணையும் மைதானச் சாதகத்தையும் பெருக்கினால் ஓர் ஆட்டத்தில் அந்த அணி சராசரியாக எத்தனை கோல் அடிக்கக்கூடும் என்று வரும். 1997இல் டிக்சனும் கோல்ஸும் இதில் இரண்டு திருத்தம் செய்தார்கள். 0-0, 1-1 போன்ற சிறு ஸ்கோர்களைச் சரியாகக் கணிக்க ஒன்று, பழைய ஆட்டங்களைவிட அண்மை ஆட்டங்களுக்கு அதிக எடை கொடுக்க ஒன்று. இன்று உலகில் கால்பந்துக் கணிப்பு செய்யும் யாரும் இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில்தான் நிற்கிறார்கள்.

இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 1.5 கோல் அடிக்கும் என்றும், எதிரணி 1 கோல் அடிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். கால்பந்தில் அது சின்ன வித்தியாசம் இல்லை, ஒன்றரை மடங்கு. பாய்சான் சூத்திரப்படி வலுவான அணி ஒரு கோலும் அடிக்காமல் போக 22 சதவீத வாய்ப்பு, ஒன்றே ஒன்று அடிக்க 33, இரண்டு அடிக்க 25. பலவீனமான அணி ஒன்றும் அடிக்காமல் போக 37, ஒன்று அடிக்க மறுபடி 37, இரண்டு அடிக்க 18. இந்த வரிசைகளை ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டினால், வலுவான அணி வெல்ல 49 சதவீதம், சமனாக 26, பலவீனமான அணி வெல்ல 25. ஒன்றரை மடங்கு வலுவுள்ள அணியே பாதிக்குச் சற்றுக் குறைவான ஆட்டங்களில்தான் வெல்லும். நான்கில் ஒருமுறை தோற்கும். அந்தத் தோல்விக்கு மறுநாள் நாளிதழில் எழுதப்படும் காரணங்கள் எத்தனை!

ஒரே ஓர் ஆட்டத்தில் சரி, பதினெட்டு ஆட்டம் ஆடினால் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளாதா? கழித்துக்கொள்ளும், ஆனால் நாம் நினைக்கும் வேகத்தில் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்தில் நூறு ஓலை. வெற்றி என்று எழுதியவை 37, சமன் 26, தோல்வி 37. மிகச் சாதாரணமான, நல்லதும் கெட்டதும் அல்லாத ஓர் அணியின் குடம் இது. கையை விட்டு ஓர் ஓலையை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போட வேண்டும், இப்படிப் பதினெட்டு முறை. வெற்றிக்கு 3, சமனுக்கு 1. சராசரியாக 25 புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறும்? திட்டவிலக்கம் ஐந்தரைப் புள்ளி வருகிறது. அதாவது மூன்றில் இரண்டு சீசன் 19க்கும் 30க்கும் இடையே விழும். இருபதில் பத்தொன்பது சீசன் 14க்கும் 36க்கும் இடையே விழும். குடம் மாறவில்லை, ஓலை மாறவில்லை. ஒரு சீசனில் 14 புள்ளியோடு கோச் வேலையை இழப்பார், இன்னொரு சீசனில் 36 புள்ளியோடு தோளில் தூக்கப்படுவார்.

இந்த அளவுகோலைச் சென்னையின் எஃப்சி மேல் வைத்துப் பாருங்கள். கோப்பை வென்ற 2017-18இல் லீக் சுற்றில் 32 புள்ளி. சாதாரண அணி ஒன்று நல்ல ஓட்டத்தில் எடுத்துவிடக்கூடிய எண்தான் அது. 18 ஆட்டத்தில் அடித்தது 24 கோல், வாங்கியது 19. மூன்றாம் இடம் வந்த கோவா அதே சீசனில் 42 கோல் அடித்தது. கோல் வித்தியாசத்தை மட்டும் பார்த்த ஒருவர், இந்த அணி சாம்பியன் ஆகும் என்று பணயம் வைத்திருக்க மாட்டார். நான் அந்த அணியைக் குறைத்துச் சொல்லவில்லை. அரையிறுதியில் அதே கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-1 என்று வீழ்த்தியதை யாரும் மறக்க முடியாது. முன்கள ஆட்டக்காரர் ஜெஜெ அன்று சென்னையில் அடித்த இரண்டு கோலும் முழுக்க அவர் உழைப்பு. ஆனால் அந்தச் சீசனின் கோப்பையை அடிப்படையாக வைத்து அடுத்த சீசனை எதிர்பார்த்ததில்தான் பிழை தொடங்குகிறது.

இறுதி ஆட்டத்தின் அந்த இரண்டு கார்னர் கோல்களையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய லீக்குகளில் எண்ணிப் பார்த்தவர்கள், நூறு கார்னருக்கு இரண்டு மூன்று கோல்தான் விழுகிறது என்கிறார்கள். ஒரே பாதி ஆட்டத்தில் இரண்டு கார்னரில் இரண்டு கோல் என்பது நெல்சனின் காலுக்கும் மைல்சனின் தலைக்கும் கிடைத்த நியாயமான வெகுமதிதான். அதே காலும் அதே தலையும் மறு வாரம் அதையே செய்யும் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இனி அந்த 9 புள்ளி. இங்கேதான் கணக்கு என்னை உலுக்கியது. சாதாரண அணியின் குடத்திலிருந்து 9 புள்ளி வருவது மிக மிக அரிது. 14க்கும் கீழே, வெகு கீழே இருக்கிறது அது. பத்து அணி ஆடும் லீக்கில் யாராவது ஒருவர் கடைசியாக வரத்தானே வேண்டும் என்று சமாதானம் சொன்னாலும், பத்துமே சாதாரண அணிகளாக இருந்தால் கடைசி அணிக்கு 16 புள்ளி அளவில் கிடைக்கும். ஆக 32ஐ அதிர்ஷ்டத்தின் பக்கம் ஓரளவு தள்ளலாம், 9ஐ அப்படித் தள்ள முடியாது. ரசிகர்கள் நேர்மாறாக நினைத்தார்கள். கோப்பை உண்மை, கடைசி இடம் விபத்து என்பது அவர்கள் கட்சி. எண்களோ கடைசி இடத்தில்தான் உண்மை அதிகம் என்கின்றன.

அந்த உண்மை என்ன என்று தேடினால் கண்ணுக்குத் தெரியும் சில காரணங்கள் கிடைக்கின்றன. தடுப்பில் அனுபவத் தூணாக இருந்த ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தில் பந்தைப் பிடுங்கி ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கும் வியாசர்பாடிப் பிள்ளை தன்பால் கணேஷ், முழங்கால் காயத்தால் சீசன் முழுவதையும் இழந்தார். முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜெ, இந்தச் சீசனில் அடித்தது ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டோடு சென்னையில் நடந்த ஆட்டம் நினைவிருக்கலாம். 3-1 என்று முன்னிலை. எதிரணியின் ஒக்பெச்சே இடைவேளைக்குள்ளேயே ஹாட்ரிக் அடித்து 3-3 ஆக்கினார், முடிவில் 3-4. பெரியமேட்டு மைதானத்தில் அன்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்களுக்கு அந்த ஓர் ஆட்டம் போதும், சீசனின் கதையைச் சொல்ல.

ஆனால் ஜெஜெயின் 9க்கும் 1க்கும் இடையே இருப்பது முழுக்கச் சரிவு அல்ல. சராசரிக்கு மேலே வெகுதூரம் போன எண், அடுத்த முறை சராசரியை நோக்கித் திரும்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃப்ரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து கண்டுபிடித்த உண்மை இது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தார்கள். 9 கோல் அடித்த சீசனில் அவருடைய திறமையோடு கொஞ்சம் அனுகூலமும் சேர்ந்திருந்தது, ஒரு கோல் அடித்த சீசனில் கொஞ்சம் பிரதிகூலம் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார் உண்மையான ஜெஜெ. அவர் மிசோரத்திலிருந்து வந்து சென்னைக்காக ஓடிய ஓட்டத்தை நேரில் பார்த்த யாரும், ஒரு சீசன் எண்ணை வைத்து அவரை அளக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

இப்போது கோச் விஷயம். 2019-20இல் கிரிகரியின் கீழ் முதல் ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. அவர் விலகினார், ஓவன் காயில் வந்தார். மீதி பன்னிரண்டு ஆட்டத்தில் 24 புள்ளி. நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, அங்கே போய் 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்று தப்பித்து இறுதிக்குப் போனார்கள். “பாத்தியா, கோச்சை மாத்தினோம், சரியாயிடுச்சு!”

நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் இதையே தம் நாட்டு லீக்கில் 1986 முதல் 2004 வரை சோதித்தார். சரிவு வந்ததும் கோச்சை மாற்றிய அணிகள் பிறகு மேலே வந்தன. அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளும் அதே போல மேலே வந்தன. கோச்சை எப்போது மாற்றுவார்கள்? ஓலைகள் மோசமாக வந்துகொண்டிருக்கும்போது. அதன்பின் என்ன நடக்கும்? யார் குடத்தில் கை விட்டாலும் சராசரி நோக்கித் திரும்பும். பாராட்டு புது கோச்சுக்குப் போகும்.

இதைச் சென்னைக்கு அப்படியே பொருத்திவிட்டால் காயிலுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அந்த ஆறு ஆட்டத்தை மட்டும் எடுத்தால், 5 புள்ளி என்பது சாதாரண அணிக்கும் வரக்கூடியதுதான். சராசரி எட்டு, அதிலிருந்து மூன்று குறைவு, அவ்வளவே. அதற்காக யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் முந்தைய சீசனின் பதினெட்டையும் சேர்த்தால் 24 ஆட்டத்தில் 14 புள்ளி, எதிர்பார்ப்பு 33. இந்த இடைவெளியை எந்தக் குடமும் நியாயப்படுத்தாது. மாற்றம் தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். காயில் வந்த பிறகு கிடைத்த 24 புள்ளியிலும் ஒரு பங்கு தானாகத் திரும்பியது, ஒரு பங்கு அவர் செய்தது. எவ்வளவு எது என்று பன்னிரண்டு ஆட்டத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தில் ஆளில்லாத ஃபடோர்டா மைதானத்தில் நடந்தது. ஏடிகே 3-1 என்று வென்றது.

அணியின் தரத்தைக் காட்டுவதில் புள்ளியைவிடக் கோல் வித்தியாசம் நம்பகமானது. அதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 2015இல் பத்து ஆட்டம் முடிந்தபோது நம் அணிக்கு 10 புள்ளி, பட்டியலின் அடியில் கிடந்தது. மீதி நான்கையும் வென்று மூன்றாம் இடத்துக்கு வந்து, டிசம்பர் வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி, கோவாவில் கோப்பையையும் வென்றது. அதிசயம் என்றார்கள். லீக் சுற்று முடிவில் அவர்கள் அடித்தது 25, வாங்கியது 15. முதலிடம் வந்த கோவாவுக்குக்கூட வித்தியாசம் 9தான். எட்டு அணியிலும் சிறந்த கோல் வித்தியாசம் சென்னையுடையது. 2014இல் நேர்மாறு. 14 ஆட்டத்தில் 24 கோல் அடித்து முதலிடம் வந்த சென்னையை, 14 ஆட்டத்தில் வெறும் 9 கோல் அடித்திருந்த கேரளா அரையிறுதியில் வெளியேற்றியது. கொச்சியில் 0-3, சென்னையில் 3-1, கூடுதல் நேரத்தில் கேரளாவின் பியர்சன் அடித்த அந்த ஒரு கோல். சூப்பர்மச்சான்ஸ் ரசிகர்களிடம் இன்றும் அதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

கோலே அரிதென்றால் கோல் வித்தியாசமும் ஓரளவுதான் நம்பகம். அதனால்தான் கோலுக்கு முந்தைய படிக்குப் போனார்கள். 2012இல் ஆப்டா நிறுவனத்தின் சாம் கிரீன் முன்வைத்து, பிறகு உலகெங்கும் பரவிய எக்ஸ்ஜி என்ற அளவு இதுதான். ஒவ்வொரு முறை கோலை நோக்கி அடிக்கும்போதும், கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலா தலையா, பந்து எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்து, முன்பு அதே போன்ற ஆயிரக்கணக்கான வாய்ப்புகளில் எத்தனை கோலாயின என்று ஒப்பிடுகிறார்கள். பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல். முப்பது கஜத்திலிருந்து அடிப்பதற்கு நூறில் சில பங்குகள்தான். இவற்றைக் கூட்டினால், வலைக்குள் விழுந்ததைச் சாராமல் அணி உருவாக்கிய வாய்ப்பின் எடை கிடைக்கிறது. 2020-21இல் 20 ஆட்டத்தில் 17 கோல் மட்டும் அடித்து, 11 ஆட்டத்தைச் சமன் செய்து எட்டாம் இடம் வந்த சென்னையைப் புரிந்துகொள்ள இந்த அளவு இல்லாமல் முடியாது. வாய்ப்பே உருவாக்காத அணியா, உருவாக்கி வீணடித்த அணியா? ஸ்கோர் இரண்டையும் ஒரே மாதிரி காட்டும். முதல் நோய்க்கு நடுக்களத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்குப் பொறுமையாக இருப்பதே பாதி மருந்து.

ஒரு கிளைக்கதை. சென்னையின் எஃப்சி கடைசியாக வந்த அதே 2018-19இல், தமிழ்நாட்டின் மற்றொரு தொழில்முறை அணியான சென்னை சிட்டி எஃப்சி, கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக் சாம்பியன் ஆனது. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாளில் மினர்வா பஞ்சாப் மூன்றாம் நிமிடமே கோல் அடிக்க, பெட்ரோ மான்சியின் பெனால்டியும் கௌரவ் போராவின் இரண்டு கோலும் சேர்ந்து 3-1 ஆக்கின. அந்த ஒரு புள்ளியை எந்தப் புள்ளியியலாளரும் தர வித்தியாசம் என்று ஏற்க மாட்டார். ஆனால் கோச் அக்பர் நவாஸின் பையன்களுக்கு அது கோப்பை. கோப்பைக்கும் அளவீட்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

இவ்வளவும் எழுத முடிந்தது, 2014க்குப் பிறகு எல்லாம் பதிவாகியிருப்பதால். அதற்கு முன்னால்? இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சேப்பாக்கம். அங்கே ஒரு சாதாரண லீக் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் ஸ்கோரர் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் புத்தகத்தில் புள்ளியாகவும் எண்ணாகவும் எழுதிவைத்தார். அந்தப் பழக்கம் ஊறிய சென்னையிலிருந்துதான் எஸ். ராமகிருஷ்ணன் மடிக்கணினியோடு 2003 உலகக் கோப்பை இந்திய அணியோடு போனார், ஸ்போர்ட்ஸ்மெக்கானிக்ஸ் நிறுவனமும் வளர்ந்தது. கால்பந்துக்கு அந்தப் புத்தகம் இல்லை. 1934இல் தொடங்கிய சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் லீக்கில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் நடந்தன. பெரும்பாலானவற்றில் மிஞ்சியது ஸ்கோரும் கோல் அடித்தவர் பெயரும்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ். அவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை அடித்தார், எங்கிருந்து அடித்தார், எத்தனை கோல் ஆயின என்ற கணக்கு நம்மிடம் இருந்திருந்தால், இன்றைய ஆட்டக்காரரோடு அவரை நியாயமாக ஒப்பிட்டிருக்கலாம்.

இதைச் சரிசெய்ய நிறுவனமோ கேமராவோ காத்திருக்க வேண்டியதில்லை. செயின்ட் பீட்ஸ், சாந்தோம் மேல்நிலைப் பள்ளி போன்ற பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒரு தாள். அதில் அரை மைதானத்தை வரையுங்கள். பெனால்டி பெட்டியையும் ஆறு கஜப் பெட்டியையும் சரியான விகிதத்தில் போடுங்கள். ஆட்டத்தில் சேராமல் வெளியே உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒருவர், கோலை நோக்கி அடிக்கப்பட்ட ஒவ்வொரு பந்துக்கும் அடித்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். கால் என்றால் ‘கா’, தலை என்றால் ‘த’. கோலானால் புள்ளியைச் சுற்றி வட்டம். பக்கத்தில் நிமிடம். ஆட்டக்காரரின் சட்டை எண். ஆட்டம் முடிந்ததும் தேதியும் எதிரணி பெயரும் எழுதித் தாளைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு பள்ளியின் இரண்டு சீசன் தாள்களைச் சேர்த்தால், எங்கிருந்து அடித்தால் எத்தனையில் ஒன்று உள்ளே போகிறது என்று அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஓர் அட்டவணை கிடைக்கும். ஐரோப்பிய முதிர் ஆட்டக்காரர்களின் அட்டவணை பன்னிரண்டு வயதுக் காலுக்குப் பொருந்தாது. இந்த அட்டவணை இன்று தமிழ்நாட்டில் எந்தக் கோச்சிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், இதே தொடரில் அவர் அனுமதியோடு வெளியிடுகிறேன்.

மணலில் ஆடும் பிள்ளைகளுக்கும் இதே தாள் போதும், கம்பத்துக்குப் பதில் செருப்பு. ஒரே ஒரு சிக்கல்: செருப்புக்கு மேலே போன பந்து கோலா இல்லையா என்பதில் அங்கே ஒருமித்த கருத்து வருவது அபூர்வம். கட்டங்கட்டமாகக் கோடு போட்டுத் தாளில் எழுதத் தொடங்கினால் அந்தத் தகராறும் ஒரு பத்தியாகப் பதிவாகும்.

அடுத்த வாரம் கீவ் நகரம். பொறியியல் படித்த வலேரி லோபனோவ்ஸ்கியும் அறிவியலாளர் அனடோலி ஜெலென்ட்சோவும் சேர்ந்து டைனமோ கீவ் அணியை எப்படி எண்களால் கட்டினார்கள், 1975இல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களின் கோப்பையை எப்படித் தூக்கினார்கள் என்று பார்ப்போம். ரீப்பிடம் இருந்தது ஒரு பென்சில், இவர்களிடம் இருந்தது ஒரு கணினி.

(தொடரும்)